துப்பறியச் சொல்லிக்கொடுத்த குற்றம்

"மிஸஸ் ராமன், நீங்கள் இங்கே நடத்துவது வாசிப்பு வட்டமா, போலீஸ் பயிற்சிப் பள்ளியா?"

எங்கள் குடியிருப்பின் செயலாளர் மஜும்தார் இப்படிக் கேட்டபோது கீழ்த்தள ஹாலில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டத்துக்கென்று வாங்கி வைத்த சிங்காடாவின், இந்த ஊர்ச் சமோசாவின், எண்ணெய் வாசனை ஹால் முழுக்கப் பரவியிருந்தது. முதல் வரிசையில், பெரியவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளில், நுனியில் உட்கார்ந்தபடி இரண்டு குழந்தைகள். பதினோரு வயது துலி. பன்னிரண்டு வயது கார்த்திக். துலியின் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்தக் கேள்விக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். துலியும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோபம் ஆறிய பிறகு எழுது என்று என் கணவர் சொன்னார். மாதங்கள் ஆகிவிட்டன. ஆறவில்லை. ஆறுவதற்கு நான் விடப்போவதும் இல்லை. அதனால் இந்த வாரமே எழுதிவிடுகிறேன்.

இரண்டு மொழியிலும் மாமி

நூலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாளைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "அப்புறம் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கல்கத்தாவில், டாக்குரியாவில் இருக்கிற எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் துப்பறியும் கதை சொல்லிக் கழித்தேன். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

குழந்தைகள் எல்லாருக்கும் நான் மாமி. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வழக்கப்படி அழைத்தார்கள். வங்காளப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் புதிதல்ல. அவர்கள் மொழியிலும் தாய்மாமன் மனைவி மாமிதான். இப்படி ஒரே சொல்லால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் உறவாகிவிட்டேன்.

ஏன் துப்பறியும் கதை, நீதிக்கதை சொல்லக் கூடாதா என்று ஆரம்பத்திலேயே ஒரு தாய் கேட்டாள். நீதிக்கதையில் நரி கெட்டது, முயல் நல்லது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பிள்ளை யோசிக்க அதில் என்ன இருக்கிறது? துப்பறியும் கதையில்தான் சிரித்த முகம் பொய் சொல்லும். முறைக்கிற முகம் நிரபராதியாக இருக்கும். கடைசிவரை பொறுத்திருந்து பார்க்கப் பிள்ளை பழகுகிறது. இதை நான் அந்தத் தாயிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "பசங்களுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

கிழித்த பக்கங்கள்

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது இதே ஊரில்தான். அப்போது லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மெட்ராஸிலிருந்து வரும் உறவுக்காரர்கள் ரயிலில் படித்து முடித்த மாத நாவல்களை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். மட்டமான காகிதம், விரலில் ஒட்டும் மை, அட்டையில் துப்பாக்கி. நான் அவற்றைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தேன்.

ஒருநாள் அப்பா பிடித்துவிட்டார். அடிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பத்திருபது பக்கங்களை மட்டும் ஒரே இழுப்பில் கிழித்து, மீதியை என்னிடமே திருப்பித் தந்தார்.

"இப்போ படி," என்றார்.

பெண் குழந்தை கொலைக்கதை படித்தால் புத்தி கெடும் என்பது அவர் கட்சி. என் அண்ணன் அதே நாவல்களை வாசற்படியில் உட்கார்ந்து படித்தான். அவன் புத்தியைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை.

கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அட்டையும் இல்லாத புத்தகம், பெயரும் மறந்துவிட்டது. அந்த நாவலை ஆறு முறை படித்தேன். நானாகவே மூன்று பேரைச் சந்தேகப்பட்டு, மூன்று பேரையும் விடுவித்தேன். அப்பா போய்ப் பல வருஷங்களாகின்றன. இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குள்ள ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை ஐந்து மணி

என் முறை இதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொலை வேண்டாம். காணாமல்போன குடை போதும், பாதி கடித்து வைத்த சந்தேஷ் இனிப்பு போதும். பத்து வயதானால் ஒரு திருட்டு. பன்னிரண்டு தாண்டினால் பூட்டிய அறைக்குள் ஒரு பிணம் இருக்கலாம், ஆனால் ரத்தத்தை வர்ணிக்கக் கூடாது.

பழைய மாத நாவல்களில் படித்ததை எல்லாம் வடிகட்டி, வங்காளி, இந்தி, இங்கிலீஷ், நடுநடுவே தமிழ் என்று கலந்து சொல்லுவேன். தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை அங்கே ஒன்றுகூடக் கிடையாது. கார்த்திக்குக்குத் தமிழ் பேச வரும். ஆனால் கோபம் வந்தால் வங்காளிக்குப் போய்விடுவான்.

முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் நிறுத்திவிடுவேன். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். யார் செய்தது என்று எழுத வேண்டும். எப்படித் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். பெயர் சரியாக இருந்து காரணம் இல்லையென்றால் அந்தத் தாள் குப்பைக்குப் போகும். "அவன் மூஞ்சியே சரியில்லை" என்று எழுதிய பையன் அன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் இரண்டு பக்கம் காரணம் எழுதிக் கொண்டுவந்தான். "யாரோ சொன்னார்கள்" என்பதும் செல்லாது. கண்ணால் பார்த்தது, கையால் தொட்டது, எழுத்தில் உள்ளது. இந்த மூன்றுதான் கணக்கு.

பெற்றோர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்கத்தாவில் துப்பறியும் கதைக்கு இருக்கிற மரியாதை தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. இங்கே அது ஒளித்துவைத்துப் படிக்கிற பண்டமில்லை. ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் மாமா மருமகனுக்குத் துப்பறியும் நாவல் வாங்கித் தருவார். மஜும்தார் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான். "எங்கள் ரத்தத்திலேயே துப்பறிதல் இருக்கிறது," என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அலமாரிக்குள் இருக்கிறவரை அதற்கு எந்தக் கெடுதலும் வராது.

சிரிக்கிற படம்

வீட்டு வேலை செய்யும் மினதி தினமும் காலை தால்தியிலிருந்து கேனிங் லோக்கல் ரயிலில் வருவாள். ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே வந்து, டாக்குரியாவில் இறங்கி நடந்து ஏழரைக்கு எங்கள் கேட்டுக்குள் நுழைவாள். மூன்று வீட்டில் வேலை. முதலில் மூன்றாவது மாடி சுகுணா வீடு, பிறகு துலி வீடு, கடைசியில் எங்கள் வீடு. ஆறு வருஷமாக. குழந்தைகளுக்கு அவள் மினதி மாஷி, அதாவது சித்தி. என்னைப் பௌதி என்பாள், அண்ணி என்று அர்த்தம்.

சுகுணா கார்த்திக்கின் அம்மா. கோயம்புத்தூர்ப் பக்கம். கணவனின் வேலை மாற்றத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவள். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று அவளுக்கு நானும் எனக்கு அவளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழுதுகொண்டே வந்தாள்.

"அக்கா, என் சங்கிலியைக் காணோங்க. கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டது."

"எங்கே வச்சே, நன்னா யோசிச்சுப் பாரேன்."

"எட்டு மணிக்குக் குளிக்கப் போறப்ப கழட்டி பாத்ரூம் அலமாரியில வச்சேங்க. ஒம்பதரைக்குப் பாத்தா இல்ல. நடுவுல மினதி ஒருத்திதான் உள்ளே போயிப் பாத்ரூம் கழுவினா. வேற யாருங்க எடுக்க முடியும்?"

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. "இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியறதில்லைடி," என்றேன்.

மறுநாள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் மினதியின் படம் வந்தது. போன பூஜைக்கு சுகுணா புதுப் புடவை கொடுத்தபோது எடுத்தது. புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மினதி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மஜும்தார் எழுதியிருந்தார்: "திருட்டுப் புகார். இவளை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம். கேட்டில் அனுமதி இல்லை."

அந்தப் படத்தை லேக் கார்டன்ஸ் தமிழ்ப் பெண்கள் குழுவுக்கு நான் அனுப்பினேன். "எங்கள் வீட்டிலும் இருந்தவள்தான், உஷார்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அன்று மத்தியானம் மினதி போன் செய்தாள். "பௌதி, நீங்களும் நம்பறீங்களா?" என்று வங்காளியில் கேட்டாள்.

"நான் நம்பறதுல என்ன இருக்கு, கமிட்டி முடிவு," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

துலி கேட்டாள்

அந்தச் சனிக்கிழமை நான் கதை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே துலி கையைத் தூக்கினாள்.

"மாமி, மினதி மாஷி திருடினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுகுணா ஆன்ட்டி சொன்னாங்க."

"அது கேள்விப்பட்டது. செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கார்த்திக் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துலி, இது கதையில்லை. பெரியவா விஷயம்," என்று அதட்டினேன்.

அவள் கையைக் கீழே போட்டாள். நான் ஏதோ கதை சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. துண்டுத் தாள்கள் வெறுமையாகவே திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் துலியைப் பற்றிக் குறைசொன்னேன். வாய்த்துடுக்கு, வளர்ப்பு சரியில்லை, அது இது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அது கேட்டதுல என்னடி தப்பு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று என்னைக் குத்தியது துலியின் கேள்வி அல்ல, அதற்கு என்னிடம் பதில் இல்லாததுதான் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. ஊருக்கெல்லாம் ஒரு விதி சொல்லிக்கொடுத்துவிட்டு, நிஜமாக ஒரு மனுஷி மாட்டிக்கொண்டபோது முதலில் அதை மீறியவள் நான்தான்.

பதினொன்று இருபது

பிள்ளைகள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை துலி நோட்டைத் திறந்து படித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை துலிக்குப் பரீட்சை. மாஷி நேரத்துக்கு வராததால் அம்மா சமைக்க முடியாமல் வெறும் ரொட்டித் துண்டு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் வரவில்லை? அன்று காலை ரயில் மறியல். வழியில் எங்கோ ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். லோக்கல் ரயில்கள் எல்லாம் நின்றுபோயின. அதே ரயிலில் வரும் இன்னும் இரண்டு மாஷிகளிடம் கேட்டு எழுதியிருந்தாள். கடைசியாக, கேட்டில் இருக்கும் பதிவேடு. வாட்ச்மேன் அதைக் காட்டியிருக்கிறார், துலி போனில் படம் எடுத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை, மினதி மண்டல், உள்ளே வந்த நேரம் பதினொன்று இருபது.

எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் அவள் பாத்ரூம் கழுவியிருக்கவே முடியாது. சுகுணா வேறு ஏதோ நாளின் ஞாபகத்தை இந்த நாளோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறாள்.

கண்ணால் பார்த்தது. எழுத்தில் உள்ளது. ஒன்றுகூடக் கேள்விப்பட்டது இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுப் பாத்திரத்தை நான்தானே தேய்த்தேன்! மினதி வந்தபோது "என்ன, இன்னிக்கு ரயில் இல்லையா?" என்று கேட்டவளும் நான்தானே! என் கைக்குள்ளேயே சாட்சியம் இருந்திருக்கிறது. பதினொரு வயதுக் குழந்தை ஒன்று அதை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

உடனே மூன்றாவது மாடிக்குப் போனேன். பதிவேட்டுப் படத்தைக் காட்டினேன். சுகுணா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப மத்தியானம் எடுத்திருப்பாங்க அக்கா."

"ஒம்பதரைக்கே காணோம்னு நீதானே சொன்னே?"

"எனக்கு நேரமெல்லாம் ஞாபகமில்லீங்க. பொருளை இழந்தவ நானு. என்னையப் போய்க் குறுக்கு விசாரணை பண்றீங்களே!"

அவளுக்குப் பின்னால் கதவோரம் கார்த்திக் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் மஜும்தாரிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தைகள் பதிவேட்டைப் படம் எடுக்கிறார்கள், ஊழியர்களை விசாரிக்கிறார்கள், குடியிருப்போரின் அந்தரங்கத்துக்கு இடையூறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

மறுபடி அந்த ஹால்

ஆக, போலீஸ் பயிற்சிப் பள்ளியா என்று கேட்டுவிட்டு மஜும்தார் பதிலுக்குக் காத்திருந்தார்.

"துலி படிக்கட்டும். அப்புறம் நான் பதில் சொல்றேன்," என்றேன்.

துலி எழுந்து நின்று படித்தாள். பரீட்சை, மறியல், இரண்டு மாஷிகள், பதிவேடு. படித்து முடித்ததும் யாரோ கை தட்டினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் நடனம் ஆடிய குழந்தைக்குத் தட்டுவது மாதிரி.

"ரொம்ப அழகு. கெட்டிக்காரி," என்றார் மஜும்தார். "ஆனால் அந்த விஷயம் முடிந்துபோயிற்று. இன்றைய கூட்டம் வேறு விஷயத்துக்கு."

"முடியலை." கார்த்திக் எழுந்திருந்தான். வங்காளியில் பேசினான். "சங்கிலி கிடைச்சிருச்சு. எங்க வீட்டுல துவரம்பருப்பு டப்பாவுல இருந்துச்சு. அம்மா எடுக்கறதை நான் பாத்தேன்."

சுகுணா மூன்றாவது வரிசையில் இருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பின்னால் எனக்குத் தெரிந்தது இது. செவ்வாய்க்கு முந்தின நாள் அவள் வீட்டில் கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கிறான். முன்பின் தெரியாதவன் சமையலறையில் இருக்கிறானே என்று பயந்து, கழுத்திலிருந்ததைக் கழற்றிப் பருப்பு டப்பாவுக்குள் போட்டது அவளேதான். போட்டதை மறந்துவிட்டாள். டப்பா தீர்ந்துகொண்டு வந்தபோது கரண்டியில் தட்டியிருக்கிறது. அதற்குள் படம் ஊரெல்லாம் போய்விட்டது. கையில் சங்கிலியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள், வாசலில் நின்ற மகனைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லிராத கண்ணு, அம்மாவுக்கு அவமானம்," என்றிருக்கிறாள். அதை அந்தப் பிள்ளை ஒரு வாரத்துக்கு மேலாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் திரிந்திருக்கிறது.

மறதி யாருக்கும் வரும். சுகுணாவின் மறதிமேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஹாலில் அடுத்து நடந்தது இருக்கிறதே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஒருவர்கூட மினதியின் பெயரைச் சொல்லவில்லை. "பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்கிறானே," என்றாள் ஒருத்தி. "குழந்தை மனசில் விஷத்தை ஏற்றியிருக்கிறார்கள்," என்றார் ஒரு டாக்டர். அவர் மகன்தான் ஒரு காலத்தில் இரண்டு பக்கம் காரணம் எழுதி வந்தவன். சுகுணா எழுந்து என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "என் பையனை எனக்கே போலீஸாக்கிட்டீங்களே அக்கா."

மஜும்தார் குறிப்பேட்டில் எழுதினார். சிறுவர் வாசிப்பு வட்டம் ரத்து. ஹால் சாவியைத் திரும்பத் தர வேண்டும்.

"மினதி?" என்று கேட்டேன்.

"அது சுகுணாஜியின் சொந்த விஷயம்."

"படத்தைப் போட்டப்போ சொந்த விஷயமா இல்லையே? கேட்டை மூடினப்போ சொந்த விஷயமா இல்லையே?"

"குரலை உயர்த்தாதீர்கள் மிஸஸ் ராமன்."

உயர்த்தினேன். நாலு மொழியிலும் கத்தினேன். அலமாரி நிறையத் துப்பறியும் புத்தகம் வைத்திருக்கிறீர்களே, ஒன்றையாவது கடைசிவரை படித்தீர்களா என்று கேட்டேன். குழந்தைகளுக்குக் கதை வேண்டும், உண்மை மட்டும் வேண்டாம், அப்படித்தானே என்று கேட்டேன். சாவியை மேஜைமேல் வீசினேன், அது சிங்காடாத் தட்டில் போய் விழுந்தது. என் கணவர் கையைப் பிடித்து, "வா விஜி, போதும்," என்றார். துலி அழுதுகொண்டிருந்தாள். கார்த்திக் அழவில்லை. அவனைச் சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாகிவிட்டிருந்தன.

எட்டரை மணிப் பிளாட்பாரம்

மினதியிடம் சொல்ல வேண்டும். போனை அவள் எடுக்கவில்லை. இப்போது பக்கத்து ஜோத்பூர் பார்க்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், எட்டரை ரயிலில் வருகிறாள் என்று மற்ற மாஷிகள் சொன்னார்கள். டாக்குரியா ஸ்டேஷனில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"எழுதிக் கொடுங்க பௌதி. வாயால சொன்னா எனக்கு எதுக்கு? அந்தப் படம் என் பொண்ணோட மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு. பொண்ணு அங்கே தலைநிமிர முடியலை."

வீட்டுக்கு வந்து வங்காளியில் ஒரு கடிதம் எழுதினேன். இத்தனை வருஷம் நூலகத்தில் குப்பை கொட்டியவள், நாசூக்காக எழுதத் தெரியாதா? முப்பத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். துலியின் அம்மா முதல் ஆள். மஜும்தார் போடவில்லை. மூன்று வாரம் கழித்து சுகுணா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே போட்டாள்.

"கார்த்திக் எங்கிட்டப் பேசறதில்லைங்க," என்றாள். அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வரவில்லை.

மறுபடி பிளாட்பாரம். மினதி ஆறாவது வரை படித்தவள். பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இரண்டு ரயில் வந்து போயிற்று.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "சங்கிலி கிடைச்சிருச்சுன்னு இருக்கு. புகாரைத் திரும்ப எடுத்துக்கறோம்னு இருக்கு. வருத்தம்னு இருக்கு. நான் எடுக்கலைன்னு எந்த வரியில இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். எந்த வரியிலும் இல்லை.

"இதைச் சம்பந்தி படிச்சா என்ன நினைப்பாங்க? பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டான்னு நினைக்க மாட்டாங்களா?"

பதினோரு கையெழுத்து. நாலு பட்டதாரிகள், ஒரு வக்கீல், வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருந்த நான். ஒருத்தர் கண்ணிலும் படாத ஓட்டை அவள் விரலில் தட்டுப்பட்டுவிட்டது.

பையில் வெள்ளைத் தாள் இருந்தது. "நீயே சொல்லு மினதி, எழுதறேன்," என்றேன்.

அவள் யோசித்துச் சொன்னாள். "மினதி மண்டல் சங்கிலியை எடுக்கலை. சங்கிலி வீட்டுக்காரங்க பருப்பு டப்பாவுலயே இருந்துச்சு. எடுத்தான்னு சொன்னவங்க யாரும் பாத்துச் சொல்லலை." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "படத்தை வெளியே யார் யார் அனுப்பினாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு நான் அனுப்பினேன்," என்றேன். கூட்டத்திலும் இதை நான் சொல்லியிருக்கவில்லை. அவளிடமும் அதுவரை சொல்லவில்லை.

அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் எழுதுங்க."

எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன்.

"மத்தவங்க கையெழுத்து?" என்றேன்.

"வர்றப்ப வரட்டும். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றாங்க, எனக்கு இது இப்பவே வேணும்." தாளை நாலாக மடித்து, ரயில் மாதச் சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறிப் போனாள்.